கொடிக்கம்பங்களுக்கு நடுவே ஒரு பஸ்

பெண் பார்க்க வந்திருந்தவர்கள் பஜ்ஜியைப் பற்றிப் பேசி முடித்துவிட்டுப் பெண்ணைப் பற்றிக் கேட்டார்கள். பையனின் சித்தப்பாதான் ஆரம்பித்தார்.

"பொண்ணு என்ன வேலை பாக்கா?"

"ஆலோசனை சொல்லுதா" என்றார் அப்பா.

"யாருக்கு?"

"அரசியல்வாதிகளுக்கு."

சித்தப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். கிண்டல் செய்யும் முகமில்லை அது. உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்: "அவங்க கேக்காங்களா?"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அந்தச் சம்பந்தம் அதோடு சரி. அதன் பிறகு அப்பா, யார் கேட்டாலும் "கம்ப்யூட்டர்ல ஏதோ வேலை" என்று சொல்ல ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் காலத்தில், ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் ஒருவர் கக்கத்தில் இடுக்கிய பையோடு நின்று அடுத்தவர் காரியத்துக்காகப் பேசினால் அவருக்குப் புரோக்கர் என்று பெயர். மகளும் அடுத்தவர் காரியத்துக்காகத்தான் பேசப்போகிறாள் என்றால், வேப்பமரம் ஒன்றுதான் பாக்கி என்று அவருக்குப் பட்டது.

அதற்கு முன்பு நான் சென்னையில், தேர்தல் வேலை பார்க்கும் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். கண்ணாடி அறையில் உட்கார்ந்து, வேட்பாளர் கும்பிடும்போது கை நெஞ்சு வரை வந்தால் போதுமா, முகவாய் வரை வர வேண்டுமா என்று விவாதித்துச் சம்பளம் வாங்கினோம். ஒரு வேட்பாளருக்கு "நான் ஒரு விவசாயியின் மகன்" என்று தொடங்கும் உரையை எழுதச் சொன்னார்கள். அவருடைய அப்பா பெட்ரோல் பங்க் வைத்திருந்தவர். அதை மேலாளரிடம் சொன்னேன். அவர், "பங்க் இருந்த இடம் முன்னாடி வயல்தானே?" என்றார். தேர்தல் முடிந்த வாரம் எல்லோருக்கும் கேக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஊருக்கு வரும் ரயிலிலேயே முடிவு செய்துவிட்டேன். இதே வேலையைத்தான் செய்வது, ஆனால் யோக்கியமாகச் செய்வது. யாருக்காகப் பேசுகிறேன் என்பதை எதிரில் இருப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். கவர் கொடுக்கவும் மாட்டேன், வாங்கவும் மாட்டேன். ஒரே விஷயத்தில் இரண்டு பக்கத்துக்கும் பேச மாட்டேன். பொய் கிடையாது. சங்கரன்கோவிலில் ரத வீதி ஒன்றில், நைட்டிக் கடைக்கு மேலே மாடி அறையைப் பிடித்தேன். போர்டு எழுத வந்த பெயிண்டர், "எந்தத் தலைவர் படம் போடணும்?" என்று கேட்டார். யார் படமும் வேண்டாம் என்றதும் அவருக்குக் கை ஓடவில்லை. தலைவர் படமில்லாத அரசியல் போர்டை அவர் எழுதியதே இல்லையாம். வெற்றிடம் உறுத்தியதால், என்னைக் கேட்காமலே இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற மாதிரி வரைந்துவிட்டார். பார்த்தால் கல்யாணத் தகவல் மையம் மாதிரி இருந்தது.

'அரசியல், பாலிசி ஆலோசகர்' என்பது போர்டு வாசகம். முதல் மாதம் வந்தவர்களில் பாதிப் பேர் இன்சூரன்ஸ் பாலிசி முதிர்வு பற்றிக் கேட்க வந்தார்கள். மீதிப் பேர் நைட்டிக் கடைக்கு வழி தவறி மாடியேறியவர்கள். உண்மையாகவே என்னைத் தேடி முதலில் வந்தவர் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்து மனிதர் ஒருவர். மருமகனுக்கு மதுரையிலிருந்து இங்கே மாறுதல் வாங்கித் தர வேண்டும் என்றார். அதெல்லாம் நான் செய்வதில்லை என்று பொறுமையாக விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ரேட் கூடுதலோ?" என்றார். அப்படி இல்லை, கொள்கை என்றேன். "புரியுது, புரியுது" என்று எழுந்து போனார். அடுத்த வாரம் அவர் சொல்லி இன்னும் நான்கைந்து பேர் வந்தார்கள். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிற அளவுக்கு ஒருத்தி இருக்கிறாள் என்றால், அவளுக்கு எவ்வளவு பெரிய இடத்தில் பழக்கம் இருக்க வேண்டும் என்று பேச்சாம். நான் மறுக்க மறுக்க என் செல்வாக்கு வளர்ந்தது. வருமானம்தான் வளரவில்லை.

இந்த நிலையில்தான் இளையரசனேந்தல் பாதையிலுள்ள ஒரு கரிசல்காட்டு ஊரிலிருந்து நான்கு பெண்கள் வந்தார்கள். சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடங்களிலும் துணிக்கடைகளிலும் வேலை பார்க்கிறவர்கள். காலை பஸ் அவர்கள் ஊருக்குள் வராது. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கு வரை நடந்து வந்துதான் ஏற வேண்டும். அதற்குள் பஸ் நிறைந்திருந்தால் டிரைவர் நிறுத்தாமல் போய்விடுவார். இல்லையென்றால் ஷேர் ஆட்டோவில் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து வர வேண்டும். அவர்களுடைய மகளிர் குழுத் தலைவிதான் பேசினார். நாற்பதைத் தாண்டியவர், தறி இரைச்சலில் பேசிப் பழகியதால் எதையும் உரக்கச் சொல்கிறவர்.

"பஸ் ஊருக்குள்ள வரணும். அதுக்கு என்ன செய்யணுமோ செய்ங்க. உங்க பீஸு எவ்வளவுன்னு சொல்லி ரசீது குடுங்க. ரசீது இல்லாம நாங்க குழுவுல கணக்கு சொல்ல முடியாது."

ரசீது கேட்டு ஒருவர் வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே இறங்கி நைட்டிக் கடையில் ஒரு ரசீதுப் புத்தகம் கடன் வாங்கி வந்தேன்.

மறுநாள் பஸ் டிப்போவில் அதிகாரியைப் பார்த்தேன். நான் இன்னாருக்காக வந்திருக்கிறேன், அவர்கள் எனக்குக் கட்டணம் தந்திருக்கிறார்கள் என்று சொல்லி உட்கார்ந்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். அவரது அனுபவத்தில் இதை யாரும் முதல் வாக்கியமாகச் சொன்னதில்லை போலிருந்தது. ஆனால் நல்ல மனிதர். ஊருக்குள் பஸ் விட அவருக்கு ஆட்சேபம் இல்லை, பஸ் அங்கே திரும்ப இடம் இல்லை, ரிவர்ஸிலேயே மெயின் ரோடு வரை வர விட முடியாது என்றார். நேரில் காட்டுகிறேன் என்று ஒரு டிரைவரையும் கூட்டிக்கொண்டு அவரே வந்தார்.

ஊர்ப் பாதை, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலுள்ள முக்கில் போய் முடிகிறது. ஊரிலேயே அகலமான இடம் அதுதான். அந்த அகலம் முழுக்கக் கொடிக்கம்பங்கள். எனக்குத் தெரிந்த எல்லாக் கட்சியும், தெரியாத சில கட்சிகளும் சிமெண்டுப் பீடம் கட்டி, கிரானைட்டில் பேர் பதித்து, வட்டமாக நின்றுகொண்டிருந்தன. டிரைவர் இறங்கி, பிள்ளையாரைச் சுற்றுவதுபோல ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"பைக் திரும்பும்" என்றார்.

தலைவியின் முகம் தொங்கிவிட்டது. எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். இத்தனை நாளில் முதல்முறையாக, நான் படித்த படிப்புக்கு ஒரு வேலை வந்திருந்தது.

ஒவ்வொரு கட்சியின் கிளைச் செயலாளரையும் தேடிப் போனேன். ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். கம்பத்தை இறக்கினால் கட்சியே இறங்கின மாதிரி ஆகிவிடும் என்றார். இன்னொருவர், எதிர்க்கட்சிக்காரன் முதலில் எடுக்கட்டும் என்றார். அந்த எதிர்க்கட்சிக்காரரும் அதையே சொன்னார். அவர்கள் அண்ணன் தம்பிகள், ஒரே வீட்டின் இரண்டு வாசலில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார்கள். வேறொருவர் மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். மேலிடத்துக்குப் போன் போட்டால், அங்கே இப்படி ஓர் ஊரில் தங்களுக்குக் கிளை இருப்பது தெரியாமல், மகிழ்ச்சி தெரிவித்தார்கள்.

வட்டத்தின் நட்டநடுவில் நின்ற கம்பம் எந்தக் கட்சியுடையது என்று ஊரில் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அதன் சொந்தக்காரர் உளுந்து வியாபாரி. இதுவரை மூன்று கட்சி மாறியவர். ஒவ்வொரு முறையும் அதே கம்பத்துக்குப் புது வர்ணம் அடித்திருக்கிறார். பட்டைகள் உரிந்து எல்லா நிறமும் தெரிந்தன.

"கம்பம் கட்சிக்குச் சொந்தமில்ல பாத்துக்கிடுங்க, எனக்குச் சொந்தம்" என்றார். "கட்சியில இருந்து என்னைய எடுத்துட்டாங்க. கம்பத்த எடுக்க முடிஞ்சுதா?"

இதற்குள் விஷயம் வெளியே பரவி, ஷேர் ஆட்டோக்காரர்களின் தலைவர் என் ஆபீசுக்கு வந்துவிட்டார். சால்வை, எலுமிச்சம்பழம் சகிதம். வயதில் மூத்தவர், ஊரில் எல்லோருக்கும் அண்ணாச்சி. பஸ் வந்தால் ஆளும் பூ மூட்டையுமாகக் காலை லோடு போய்விடும், வராமல் நிறுத்தித் தர வேண்டும் என்றார். நான் எதிர்ப்பக்கத்துக்கு வேலை பார்க்கிறேன், முடியாது அண்ணாச்சி என்றேன்.

"அதனால என்ன, அவங்களுக்கும் பாருங்க, எங்களுக்கும் பாருங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்கிட மாட்டேன்."

நீங்கள் வந்ததை அவர்களிடம் சொல்லியாக வேண்டும் என்றேன். தாராளமாகச் சொல்லுங்கள் என்றார். என் விலையை அவர்களிடம் ஏற்றுவதற்காகத்தான் சொல்லப்போகிறேன் என்று எடுத்துக்கொண்டார். சால்வையைத் திருப்பிக் கொடுத்தேன். எலுமிச்சம்பழத்தையும் திருப்பிக் கொடுத்தபோதுதான் அவருக்குக் கொஞ்சம் பயம் வந்தது. எலுமிச்சம்பழத்தை மறுக்கிற அளவுக்கு அவர்கள் என்ன கொடுத்திருப்பார்கள் என்று கீழே நைட்டிக் கடையில் விசாரித்துவிட்டுப் போனாராம்.

அடுத்து வந்தது ஒரு போன். வட்டாரத்தில் செல்வாக்குள்ள ஒரு பிரமுகரின் உதவியாளர் பேசினார். கொடிக்கம்பம், பஸ் எல்லாம் அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும், வருகிற கூட்டத்துக்கு அந்தப் பெண்களை இரண்டு வேனில் ஏற்றி அனுப்பிவைத்தால் போதும் என்றார். ரயிலில் முடிவு செய்தவற்றை எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தேன், அந்த விதிகளை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். முடியாது என்றேன். பெருமையாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலமே ஊருக்குப் போய்த் தலைவியிடம் சொன்னேன். அவர் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"யாரக் கேட்டு வேண்டாம்னு சொன்னிய?"

"எக்கா, பஸ்ஸுக்குப் பதிலா கூட்டம் சேக்கது தப்பு. அது யோக்கியமான வேலை இல்ல."

"நீங்க சேக்க வேண்டாம். உங்க வேலைய நீங்க யோக்கியமாப் பாருங்க. நாங்க கூட்டம் பாத்து எவ்வளவு நாளாச்சு? பிரியாணி உண்டாமே."

பக்கத்தில் நின்ற பெண்களெல்லாம் ஆமாம் என்றார்கள். கூட்டத்துக்குப் போவதும் போகாததும் அவர்கள் இஷ்டம், ஓட்டு யாருக்கு என்பது தனி இஷ்டம், இந்த இரண்டுக்கும் நடுவே என் விதி எங்கே வருகிறது என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் முழுசாகத் தெரியாது. போனார்கள், சாப்பிட்டார்கள், கூட்டத்தில் கொடுத்த விசிறியோடு திரும்பி வந்தார்கள். உதவியாளர் போன் செய்து நன்றி சொன்னார். நான் ஏற்பாடு செய்யவில்லை, அவர்களாகவே வந்தார்கள் என்றேன். "இவ்வளவு தன்னடக்கம் ஆகாது மேடம்" என்றார். அந்த அண்ணன் அந்த ஒரு வார்த்தையை யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸும் வரவில்லை.

மறுபடியும் கம்பங்கள்தான். கண்ணாடி அறையில் நான் கற்ற ஒன்றே ஒன்று அப்போது உதவியது. அரசியலில் இருக்கிறவருக்குத் தோற்பதைவிட இரண்டாவதாக வருவதுதான் பெரிய பயம். தலைவியைக் கேட்டேன்: முதலில் கம்பத்தை எடுத்து வைக்கிற கட்சிக்கு, கிராமசபைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நன்றி சொல்வீர்களா? "மனசாரச் சொல்லுவோம்" என்றார். அதை எடுத்துக்கொண்டு எல்லாச் செயலாளர்களிடமும் போனேன். என் பழைய மேலாளராக இருந்தால் ஒவ்வொருவரிடமும் ரகசியமாக, உங்களுக்கு மட்டும் என்று சொல்லியிருப்பார். நான் எல்லோரிடமும் ஒரே வார்த்தையைச் சொன்னேன். இதை மற்றவர்களிடமும் சொல்கிறேன் என்பதையும் சொன்னேன்.

டீக்கடைக்காரர் கண்ணடித்தார். "வெளிய அப்படித்தான் சொல்லணும். எங்களுக்கு மட்டும்தானே சொல்லுதிய, புரியுது."

மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். நான் தொண்டை வறளச் சத்தியம் செய்தும் பலனில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் தலைவியிடமிருந்து போன். "மேடம், முக்குல கடப்பாறச் சத்தம் கேக்கு. சீக்கிரம் வாங்க."

நான் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது புழுதி பறந்துகொண்டிருந்தது. தங்களுக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்த எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே நேரத்தில் வந்திருந்தார்கள். அண்ணன் கட்சி கம்பத்தை முதலில் பிடுங்கிவிட்டது, பீடம் நின்றது. தம்பி கட்சி பீடத்தை முதலில் உடைத்துவிட்டது, கம்பம் பக்கத்து முருங்கை மரத்தில் சாய்ந்து நின்றது. எது முதல் என்று இரண்டு பேரும் உடைந்த சிமெண்டின் மேல் நின்று வாதாடினார்கள். ஒரு கட்சி ஜேசிபி கொண்டுவந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் அந்த ஒரு ஜேசிபி தேவைப்பட்டது. கூட்டணிக் கட்சிக்கு முதலில் தோண்ட வேண்டுமா, வரிசைப்படி தோண்ட வேண்டுமா என்று பேச்சுவார்த்தை நடந்தது. ஜேசிபி டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு டீ சொன்னார். அவருக்கு எல்லாக் கட்சிச் செலவிலும் டீ வந்தது.

வெயில் ஏறுவதற்குள் இடம் காலி. நடுவில் உளுந்து வியாபாரியின் கம்பம் மட்டும், பல வர்ணத்தில், தன்னந்தனியாக. அவர் சந்தைக்குப் போயிருந்தார். மத்தியானம் பைக்கில் வந்து இறங்கியவர், தன் கம்பத்தைச் சுற்றி ஒன்றுமே இல்லாததைக் கண்டு, கட்சி நான்காவது முறையும் மாறிவிட்டதோ என்று திகைத்த மாதிரி நின்றார். நாங்கள் எவ்வளவோ பேசிப் பார்த்தோம். கடைசியில் தலைவிதான், "அண்ணாச்சி, உங்க கம்பத்துலதான் பஸ் நிறுத்தம் போர்டு மாட்டப் போறோம். ஓரமா நட்டுக் குடுங்க. இனி எந்தக் கட்சியும் அதுல கைவைக்க முடியாது" என்றார். அவருக்கு அது பிடித்துவிட்டது. யார் வந்தாலும் போனாலும் நிற்கிற பதவி அல்லவா. அவரே ஆள் வைத்து நட்டு, புதுசாக வர்ணம் அடித்தார்.

கிராமசபையில் தலைவி எல்லாக் கட்சிக்கும் சேர்த்து நன்றி சொன்னார். எல்லோரும் ஒன்றாகத்தான் எடுத்தார்கள், அதனால் எல்லோரும்தான் முதல் என்றார். எல்லோர் முகத்திலும் ஒரே அளவு ஏமாற்றம். அப்படி ஒரு சமநிலையைச் சென்னையில் லட்சக்கணக்கில் வாங்குகிறவர்களால்கூட உண்டாக்க முடிந்ததில்லை.

ஆனால் பிடுங்கிய கம்பங்கள் எங்கேயாவது நிற்க வேண்டுமே. அத்தனையும் விலக்குக்குப் போய், ஆட்டோக்கள் நிற்கிற இடத்துக்கு முன்னால் வரிசையாக முளைத்துவிட்டன. ஆட்டோ அண்ணாச்சி மறுபடியும் மாடியேறி வந்தார். இந்தத் தடவை சால்வை இல்லை.

"உங்களால வந்த வினை. இப்ப எங்க பக்கம் பேசுவியளா, மாட்டியளா?"

தலைவிக்குப் போன் போட்டுக் கேட்டேன். பஸ் விஷயம் முடிந்துவிட்டது, இது வேறு விஷயம், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். வைத்த பிறகும் அவர் சிரிப்பது கேட்ட மாதிரி இருந்தது. அண்ணாச்சிக்கும் ரசீது கொடுத்தேன். அவர்களுடைய ஆட்டோக்களுக்கு வேறு ஓர் இடம் ஏற்பாடு செய்யப் பல மாதம் ஆயிற்று. அதற்குள், விடிகாலையில் பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிற லோடு பஸ்ஸால் குறையாது என்பதை அவரே பார்த்துக்கொண்டார்.

பஸ் வந்த முதல் நாள் காலை, முக்கில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கட்சியும் ஒரு மாலை. முன்கண்ணாடி மறைந்துபோய், ரோடு தெரியவில்லை என்று டிரைவர் சொன்னார். யார் மாலையை எடுப்பது என்று பேச்சு மறுபடி ஆரம்பிக்கப் பார்த்தது. தலைவி ஏறி எல்லாவற்றையும் கழற்றிப் பின்பக்க ஏணியில் மாட்டிவிட்டார். டிரைவர் ஒரே மூச்சில் பஸ்ஸைத் திருப்பினார். விசில் அடித்தவர்களில் டிப்போ அதிகாரியும் ஒருவர் என்று நினைக்கிறேன், அவர் மறுப்பார்.

நானும் ஏறிக்கொண்டேன். யாராவது என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று கொஞ்சம் ஆசை இருந்தது. பெண்கள் முந்தின நாள் சீரியலைப் பற்றியும், தறி முதலாளி தீபாவளிக்கு என்ன கொடுப்பார் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார்கள். விலக்கு வந்தது, போனது, ஒருவரும் ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்கவில்லை. வருடக்கணக்காக இந்த பஸ்ஸில் போய்வருகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். தலைவி நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். விடிகாலையிலேயே எழுந்தது, ஜன்னல் காற்று, எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியவில்லை.

கண்டக்டர் தட்டி எழுப்பியபோது சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. பஸ்ஸில் நான் மட்டும்தான். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று எல்லோரும் ஓடிவிட்டார்கள். என் தலைக்கு முட்டுக் கொடுத்து, கூட்டத்தில் கொடுத்த அந்த விசிறியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார் தலைவி. துணியைப் பிரித்து அதைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். நல்ல வெயில். விசிறியில் அந்தப் பிரமுகர், முகவாய் வரை கையை உயர்த்திக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். திருப்பிப் பிடித்து வீசிக்கொண்டே ஆபீசைப் பார்த்து நடந்தேன்.